கடையை விட்டுப் போன பொருளுக்கு யார் பொறுப்பு?

2019ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை இரவு, லண்டனிலிருந்து எனது பெறாமகன் தொலைபேசியில் அழைத்தான். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து அன்றோடு சரியாக ஒரு மாதம். அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பும் "எல்லாரும் சுகமோ" என்ற கேள்வியோடுதான் தொடங்கும். அன்றும் அப்படியே தொடங்கியது. ஆனால் அவன் அழைத்த காரணம் வேறு.

"பெரியப்பா, நான் வாங்கின போனுக்கு இனி அப்டேட் வராதெண்டு சொல்லுறாங்கள். இன்னும் இருபத்திரண்டு மாசக் காசு கட்டக் கிடக்கு. கடைக்காரன் தங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம். இதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லையே?"

அவன் கணினி படித்தவன். அப்படிப்பட்டவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரிகைத் தொழிலின் முதற் பத்தாண்டுகளைக் கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் கழித்தவன் நான். கொலை வழக்குகளுக்கு எல்லா நிருபர்களும் முண்டியடிப்பார்கள். கடன், விற்பனை, ஒப்பந்தம் என்று வரும் குடியியல் வழக்குகள் என்னைப் போன்ற இளையவர்களின் தலையில் விழும். அங்கே கேட்டதையும் பின்னர் வாசித்ததையும் வைத்து ஏதாவது சொல்வேன் என்று அவன் நம்பியிருக்கிறான். இரண்டு நாள் தவணை கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் தேடத் தொடங்கிய விடயம் இன்றுவரை என்னை விடவில்லை. அதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2019 மே 15ஆம் திகதி அமெரிக்க வர்த்தகத் திணைக்களம், சீனாவின் ஹுவாவி நிறுவனத்தைத் தனது கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற நிறுவனத்துக்கு அமெரிக்கத் தொழில்நுட்பத்தை வழங்குவதாயின் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நான்கு நாட்களின் பின், 19ஆம் திகதி, கூகுள் நிறுவனம் ஹுவாவியுடனான தொழில் உறவுகள் சிலவற்றை இடைநிறுத்தியதாக ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஹுவாவியின் கையடக்கத் தொலைபேசிகள் இயங்குவது கூகுளின் அன்ட்ரொயிட் இயங்குதளத்தில். முன்னைய ஆண்டில் மட்டும் 20 கோடிக்கும் மேற்பட்ட தொலைபேசிகளை அந்த நிறுவனம் உலகெங்கும் அனுப்பியிருந்தது. 20ஆம் திகதி அமெரிக்கா 90 நாள் தற்காலிக அனுமதி வழங்கியது. ஓகஸ்ட் 19 வரை பழைய கருவிகளைப் பராமரிக்கலாம். அதன் பிறகு என்ன என்று எவரும் சொல்லவில்லை. 22ஆம் திகதி பிரித்தானியாவின் ஈ.ஈ., வொடபோன் ஆகிய சேவை நிறுவனங்கள் தமது புதிய ஐந்தாம் தலைமுறைச் சேவையின் தொடக்க விற்பனையிலிருந்து ஹுவாவி தொலைபேசிகளை விலக்கின.

என் பெறாமகன் ஏப்ரல் முற்பகுதியில் வாங்கியிருந்தது அந்த நிறுவனத்தின் பி30 ப்ரோ. அதன் விலை அங்கு 899 பவுண். ஒரேயடியாக அவ்வளவு பணம் கொடுக்க முடியாதவர்கள், கருவியின் விலையையும் அழைப்புக் கட்டணத்தையும் சேர்த்து மாதாமாதம் செலுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பிரித்தானியாவில் சர்வசாதாரணம். அவனும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்திட்டான். இரண்டு தவணைப் பணம் செலுத்திய நிலையில், ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஓர் அரசாங்கம் இட்ட கட்டளையால் அவன் கையிலிருந்த பொருளின் எதிர்காலம் கேள்விக்குறியானது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கண்ணாடி உடையவில்லை, மின்கலம் கெடவில்லை. ஆயினும் அது முதல்நாள் வாங்கிய பொருள் அல்ல என்று அவனுக்குப் பட்டது.

இந்த உணர்வுக்குச் சட்டத்தில் இடமுண்டா?

என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் தவணைப் பணத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. மாதம் பிறந்ததும் கடையிலிருந்து ஒருவர் துவிச்சக்கர வண்டியில் வந்து பணம் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதித் தருவார். கடைசித் தவணை முடிந்த பின்னும் பல வருடங்கள் அந்தப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கியவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் யாரோடு பகை என்பதெல்லாம் எமக்குத் தேவைப்படவில்லை. வாங்கியது முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பொருள் விற்பனை பற்றிய ஆங்கிலச் சட்டம் பிறந்ததும் அப்படிப்பட்ட பொருட்கள் நிறைந்த உலகத்தில்தான்.

பிரித்தானியப் பாராளுமன்றம் பொருள் விற்பனைச் சட்டத்தை நிறைவேற்றியது 1893இல். அதை வரைந்தவர் மெக்கென்சி சால்மர்ஸ் என்ற சட்ட அறிஞர். நீதிமன்றங்கள் அதுவரை வழங்கியிருந்த தீர்ப்புகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்துவதே அவரது நோக்கம். 'வாங்குபவனே விழிப்பாயிரு' என்ற பழைய விதி அங்கும் அடிப்படையாகத் தொடர்ந்தது. ஆனால் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு முக்கியமான விதிவிலக்குகளை வைத்தது. ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அதை வாங்கினால், அப்பொருள் வணிகத் தரமுடையதாக இருக்கவேண்டும். எந்தத் தேவைக்கென்று சொல்லி வாங்குகிறோமோ அத்தேவைக்குப் பொருந்தவேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1896இல், 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாக அதே விதிகள் இலங்கைக்கு வந்தன. புதுக்கடையில் நான் கேட்ட விற்பனை வழக்குகள் எல்லாம் அந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவையே. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண் ஒரே ஒரு கணத்தின் மீதுதான் பதிந்திருந்தது. விற்பவரின் கையிலிருந்து வாங்குபவரின் கைக்குப் பொருள் மாறும் கணம். அந்தக் கணத்தில் பொருள் சரியாக இருந்ததா? இருந்ததாயின் விற்பவரின் பொறுப்பு அத்துடன் முடிந்தது. பின்னர் தோன்றும் குறைக்கு அவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால், அக்குறையின் வித்து அந்தக் கணத்திலேயே பொருளுக்குள் இருந்தது என்று வாங்கியவர் நிரூபிக்கவேண்டும். குதிரைக்கும் கோதுமைக்கும் நீராவி இயந்திரத்துக்கும் இது பொருத்தமான விதி. வானொலிப் பெட்டிக்கும் பொருந்தியது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இந்தப் பொறுப்புகள் அனைத்தையும் விற்பவர் தட்டிக்கழிக்கலாம். சாதாரண நுகர்வோருக்கு எதிராக அவ்வாறு செய்யமுடியாது என்று பிரித்தானியா சட்டம் செய்ய 1973 வரை, எண்பது ஆண்டுகள், எடுத்தது. 1994இல் 'வணிகத் தரம்' என்ற பழைய சொல் நீக்கப்பட்டு 'திருப்தியான தரம்' என்ற சொல் வந்தது. பொருள் எவ்வளவு காலம் நின்று உழைக்கும் என்பதும் தரத்தின் ஓர் அம்சம் என்று அப்போது எழுத்தில் சேர்க்கப்பட்டது. 2003 மார்ச் 31 முதல், வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தோன்றினால் அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது விற்பவரின் கடமை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கைமாறும் கணத்திலிருந்து சட்டம் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்த வரலாறு இது. ஒவ்வோர் அடிக்கும் பத்தாண்டுகள், இருபதாண்டுகள் தேவைப்பட்டன.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். கடைக்காரன் என்ன செய்வான்? தயாரித்தவன் ஹுவாவி, இயங்குதளம் கூகுளுடையது, தடை விதித்தது அமெரிக்கா. அவர்களைத்தானே பிடிக்கவேண்டும்?

இதற்கான பதிலும் வரலாற்றில் இருக்கிறது. 1928 ஓகஸ்ட் 26ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டொனஹியூ என்ற பெண் ஓர் உணவகத்துக்குத் தோழியுடன் போனார். தோழி அவருக்கு இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்தார். நிறக் கண்ணாடிப் போத்தல். பாதி குடித்த பின் மிகுதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளியே விழுந்ததாகவும் அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். பணம் கொடுத்தவர் தோழி. ஆகவே கடைக்காரருக்கும் டொனஹியூவுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுப்பதைத் தவிர வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. 1932 மே 26ஆம் திகதி பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் இல்லாவிடினும், தனது பொருளைப் பாவிக்கப்போகும் மனிதருக்குத் தயாரிப்பாளர் கவனமாயிருக்கும் கடமையுடையவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். இலங்கைச் சட்ட மாணவர்களும் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று அது.

ஆனால் அத்தீர்ப்பின் பாதுகாப்பு உடலுக்கும் ஏனைய உடைமைக்கும் நேரும் தீங்குக்கானது. பொருளே பெறுமதி குறைந்துபோனால், அதாவது நட்டம் வெறும் பணநட்டமாக இருந்தால், ஒப்பந்தத்தை வைத்துத்தான் பேசவேண்டும். என் பெறாமகனுக்கு வொஷிங்டனுடன் ஒப்பந்தம் இல்லை. தயாரிப்பாளரின் உத்தரவாத அட்டை வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு. அவன் பணம் கட்டுவது யாருக்கு, பொருளை அவனுக்கு வழங்கியது யார் என்று பார்த்தால், அவனது சட்டபூர்வமான எதிராளி அந்தக் கடைதான். 'எமக்குச் சம்பந்தமில்லை' என்று சொன்ன அதே கடை. அதன் பெயரை இங்கு எழுதுவதில் பயனில்லை. எந்தக் கடையாக இருந்தாலும் அன்று அதையே சொல்லியிருக்கும்.

*

கையடக்கத் தொலைபேசி எப்படிப்பட்ட பொருள் என்பதை இனிப் பார்ப்போம்.

அன்ட்ரொயிட்டில் இயங்கிய முதலாவது தொலைபேசி விற்பனைக்கு வந்தது 2008இல். வானொலிப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, இது கடையை விட்டு வந்த பிறகும் தயாரித்தவர்களின் கையை விட்டுப் போவதில்லை என்பது. மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அவற்றை அடைக்கும் திருத்தங்கள் இணையத்தினூடாக வரவேண்டும். அத்திருத்தங்களைத்தான் அப்டேட், இற்றைப்படுத்தல் என்கிறோம். அன்ட்ரொயிட்டில் இது ஒரு நீண்ட வரிசை. கூகுள் மூலத்தை எழுதும். சிப் தயாரிக்கும் நிறுவனம் அதைத் தனது சிப்புக்கு ஏற்றவாறு அமைக்கும். தொலைபேசி தயாரிப்பாளர் தனது சொந்தச் சோடனைகளைச் சேர்ப்பார். பல நாடுகளில் சேவை நிறுவனமும் சோதித்து அனுமதிக்கும். வரிசையில் எவர் கையை எடுத்தாலும் கடைசியில் நிற்கும் மனிதருக்கு எதுவும் வராது.

வராவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். 2015 ஜூலையில் அன்ட்ரொயிட்டில் ஒரு பாரிய ஓட்டை வெளிப்பட்டது. விசமத்தனமாக உருவாக்கிய ஒரு படச் செய்தியை அனுப்பியே தொலைபேசிக்குள் நுழையலாம் என்ற நிலை. அடுத்த மாதமே கூகுளும் சம்சுங்கும் மாதாந்தம் பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்போவதாக அறிவித்தன. 2017 மே 12ஆம் திகதி 'வன்னாக்ரை' என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் நோயாளர்களின் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் இரத்தாயின. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அது போய்ச்சேராத கணினிகளே வீழ்ந்தன. வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் குடும்பப் படங்களும் இருக்கும் ஒரு கருவிக்குத் திருத்தம் என்பது அலங்காரம் அல்ல. கதவுக்குப் பூட்டுப் போன்றது.

தயாரிப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2011 மே மாதம் கூகுள் தனது வருடாந்த மாநாட்டில், முன்னணித் தயாரிப்பாளர்களும் சேவை நிறுவனங்களும் புதிய தொலைபேசிகளுக்கு 18 மாதங்கள் இற்றைப்படுத்தல் வழங்க இணங்கியதாக அறிவித்தது. 18 மாதங்கள்! அதே மே மாதத்தில், ஐரோப்பிய விதிகளுக்கமைய, பிரித்தானியாவில் தொலைத்தொடர்பு ஒப்பந்தங்களின் ஆரம்பக் காலம் 24 மாதங்களுக்கு மேற்படலாகாது என்ற எல்லை வந்தது. எல்லையாக வைத்த 24 மாதங்களே நாளடைவில் வழமையாயிற்று. ஆக, நல்லெண்ணத்துடன் அறிவித்த வாக்குறுதியைக்கூட முழுமையாக நிறைவேற்றினாலும், கடைசி ஆறு மாதம் வாடிக்கையாளர் திருத்தம் வராத ஒரு கருவிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

இது வெறும் கணக்கு அல்ல. 2011 ஜூன் மாதம் தைவானின் எச்.ரி.சி. நிறுவனம், முன்னைய ஆண்டில் வெளியிட்ட 'டிசையர்' தொலைபேசிக்கு அன்ட்ரொயிட்டின் அடுத்த பதிப்பு வராது, நினைவகம் போதாது என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. 2013 ஒக்டோபரில் கூகுள் தனது சொந்தப் பெயரில் வந்த 'கலக்ஸி நெக்சஸ்' தொலைபேசிக்குப் புதிய பதிப்புக் கிடையாது என்றது. அது வெளிவந்தது 2011 இறுதியில். 18 மாத எல்லையைக் கடந்துவிட்டது என்பது கூறப்பட்ட காரணம். வெளிவந்த புதிதில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் அதை வாங்கியவருக்கு அப்போதும் தவணை முடிந்திருக்கவில்லை.

ஒப்பந்தங்களோ நீண்டுகொண்டே போயின. கருவிக்கான பணத்தைத் தனிக் கடனாகவும் அழைப்புக் கட்டணத்தை வேறாகவும் பிரிக்கும் முறை 2013 அளவில் பரவத் தொடங்கியது. 2018இல் கருவிக் கடனை 36 மாதங்கள் வரை நீட்டும் திட்டங்கள் வந்துவிட்டன. பிரித்தானியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்துநரான ஒஃப்கொம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2014 ஜனவரி 23இன் பின் செய்த ஒப்பந்தத்தில், முன்கூட்டி உடன்படாத வகையில் மாதக் கட்டணத்தை உயர்த்தினால் வாடிக்கையாளர் தண்டப்பணமின்றி வெளியேறலாம். நல்ல விதி. கட்டணம் உயர்ந்தால் வெளியேறலாம். அதே கட்டணத்துக்குக் கிடைக்கும் பொருள் தாழ்ந்தால்? அதுபற்றி அந்த விதியில் ஒன்றுமில்லை.

*

இரண்டு நாட்களின் பின் பெறாமகனுக்கு நான் சொன்ன விடயங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பிரித்தானியாவில் இப்போது இருப்பது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். அது அவ்வாண்டு ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொருள் திருப்தியான தரமுடையதாகவும், தேவைக்குப் பொருத்தமாகவும், விவரித்தபடியும் இருக்கவேண்டும். குறையிருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதன் பின் திருத்தித் தரும்படி அல்லது மாற்றித் தரும்படி கேட்கலாம். அதுவும் சரிவராவிடின் விலைக்குறைப்பு அல்லது இறுதியாகத் திருப்பிக் கொடுத்தல். பொருளுக்குள் இருக்கும் மென்பொருள் குறைபாடுடையதாயின் பொருளே குறைபாடுடையதாகக் கொள்ளப்படும் என்ற விதியும் அதில் உண்டு. 'தொலைபேசி இலவசம், மாதக் கட்டணம் மட்டும்' என்று விளம்பரம் செய்தாலும் சட்டம் அதை நன்கொடையாகக் கருதாது. வேறொருவரின் கடனில் வாங்கியிருந்தால், 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளுக்கு, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவரும் கூட்டாகப் பொறுப்பாளி. இங்கிலாந்தில் வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகளும் ஸ்கொட்லாந்தில் ஐந்து ஆண்டுகளும் அவகாசம் உண்டு.

இவ்வளவும் கேட்டு அவன் உற்சாகமடைந்தான். பிறகு நான் கசப்பான பகுதியைச் சொன்னேன். அவனது 30 நாட்கள் கடந்துவிட்டன. கடந்திராவிட்டாலும், அன்று அவன் கையிலிருந்த கருவிக்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஏற்கெனவே விற்ற கருவிகளில் தனது சேவைகள் தொடரும் என்று கூகுளும், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும் என்று ஹுவாவியும் கூறியிருந்தன. நாளைக்கு நின்றுவிடும் என்ற அச்சத்தை வைத்து இன்று வழக்காட முடியாது. அதற்கும் ஒரு முன்னுதாரணம் இருந்தது. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம், சம்சுங் தனது தொலைபேசிகளுக்குப் போதிய காலம் இற்றைப்படுத்தல் வழங்குவதில்லை என்று வழக்குத் தொடுத்தது. 2018 மே 30ஆம் திகதி ஹேக் நகர நீதிமன்றம் அக்கோரிக்கைகளை ஏற்க மறுத்தது. எதிர்காலத்தில் என்ன ஓட்டை வரும், அதற்கு எத்தகைய திருத்தம் தேவைப்படும் என்று தெரியாத நிலையில், எதிர்காலச் செயல்களைப் பற்றி முன்கூட்டியே கட்டளையிட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

ஆகவே அவனுக்கு நான் சொன்ன யோசனை சின்னது. விளம்பரத்தின் படத்தைச் சேமித்து வை. பெட்டியை எறியாதே. விற்பவரோ தயாரிப்பாளரோ பகிரங்கமாகச் சொன்ன கூற்றுகளும் பொருளின் தரத்தை மதிப்பிடும்போது கணக்கில் எடுக்கப்படும். கடைக்கு எழுத்தில் முறைப்பாடு செய், பதிலை எழுத்தில் வாங்கு. திருத்தம் உண்மையாகவே நின்றால், அன்று உன் கையில் ஆதாரம் இருக்கும்.

அவன் எழுதினான். முதற் கடிதத்துக்கு, தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு வரிப் பதில் வந்தது. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதினான். முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பொறுப்பு உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. 'சம்பந்தமில்லை' என்ற சொல் மட்டும் காணாமற் போயிருந்தது.

அதன் பின் நடந்தது என்ன? அமெரிக்கா தற்காலிக அனுமதியைத் திரும்பத் திரும்ப நீடித்தது. 2020 ஓகஸ்டில் அது முடிவுக்கு வந்தது. பழைய கருவிகளில் கூகுள் சேவைகள் தொடர்ந்தன, பாதுகாப்புத் திருத்தங்களும் வந்தன. ஆனால் 2019 செப்டெம்பரில் வெளியான ஹுவாவியின் புதிய தொலைபேசி கூகுள் சேவைகள் இன்றியே வந்தது. பெறாமகனின் கருவி அன்ட்ரொயிட்டின் பத்தாம் பதிப்பைத் தாண்டவில்லை. பின்னர் வந்தவையெல்லாம் அந்தப் பழைய அத்திவாரத்தின் மேல் நிறுவனம் கட்டிய மாடிகளே. அவன் 24 தவணைகளையும் கட்டி முடித்தான். அஞ்சியது முழுதாக நடக்கவில்லை, வாங்கியது முழுதாகக் கிடைக்கவும் இல்லை. இடையில் கருவியை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமென்று விசாரித்தபோது கேட்ட விலையைச் சொல்லிச் சிரித்தான். அந்த நட்டத்தை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது?

*

வரலாறு சில வேளைகளில் ஒரே நாளில் இரண்டு காரியங்களைச் செய்துவிடுகிறது. 2019 மே 20, அதாவது ஹுவாவிக்கு 90 நாள் தவணை அறிவித்த அதே நாள், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771ஆம் இலக்கப் பணிப்புரையின் திகதியாகவும் இருக்கிறது. மென்பொருள் உள்ள பொருளை விற்பவர், அது ஒப்பந்தப்படி இருப்பதற்குத் தேவையான இற்றைப்படுத்தல்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட, நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய காலம்வரை அவருக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்று அது கூறுகிறது. 1893இலிருந்து கைமாறும் கணத்தையே பார்த்துக்கொண்டிருந்த சட்டம், முதற் தடவையாக அதற்குப் பிந்திய காலத்தை முழுதாகப் பார்த்தது. கடைக்காரருக்கே அந்தப் பொறுப்பு. 2022 ஜனவரி 1 முதல் ஒன்றிய நாடுகளில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது. இடைக்காலமும் அவ்வாண்டு டிசம்பருடன் முடிந்தது. என் பெறாமகனின் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் எழுதப்பட்ட சட்டம் அவனது நாட்டுக்கு வந்து சேரவில்லை.

பிரித்தானியா வேறு வழியில் போனது. 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் பொருட்களின் தயாரிப்பாளர்கள், பாதுகாப்புத் திருத்தம் குறைந்தது எந்தத் திகதிவரை வழங்கப்படும் என்பதை வெளியிடவேண்டும். வெளியிட்ட பின் அதைக் குறைக்கமுடியாது. இத்தனை வருடம் வழங்கு என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை. எவ்வளவு என்று சொல் என்கிறது. 1962 மார்ச் 15ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோரின் நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார். அவற்றில் ஒன்று அறிந்துகொள்ளும் உரிமை. தொலைபேசிப் பெட்டியில் கமராவின் வலுவும் மின்கலத்தின் கொள்ளளவும் அச்சிட்டிருந்தன. எத்தனை மாதம் பாதுகாப்பாக இருக்கும் என்பதை அறியும் உரிமை கிடைக்க அறுபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. ஐரோப்பிய ஒன்றியம் மேலும் ஒருபடி சென்று, 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் தொலைபேசிகளுக்கு, அந்த வகையின் விற்பனை நிறுத்தப்பட்ட பின் குறைந்தது 5 ஆண்டுகள் என்ற அளவை விதிகளில் எழுதியிருக்கிறது. சட்டத்தின் அழுத்தமும் போட்டியும் சேர்ந்து, கூகுள் 2023 ஒக்டோபரிலும் சம்சுங் 2024 ஜனவரியிலும் தமது உயர்ரகக் கருவிகளுக்கு 7 ஆண்டுகள் என்று அறிவித்தன. 18 மாதங்கள் என்று தொடங்கிய வாக்குறுதி இது.

இனி எமது பக்கம். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து புதிய தொலைபேசிகள் சாதாரண மக்களுக்கு எட்டாத பொருளானபோது, பெறாமகன் அந்தப் பழைய கருவியைத் துடைத்துப் பொதிசெய்து நல்லூரிலிருக்கும் தன் தாய்க்கு அனுப்பினான். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பழைய தொலைபேசிகள்தான் எங்கள் ஊர்களில் எத்தனையோ தாய்மாரின் புதிய தொலைபேசிகள். அவர் அதில் மகனோடு கதைக்கிறார். வங்கியின் குறுஞ்செய்தி வருவதும் அதில்தான். திரை இன்னமும் பளிச்சென்றிருக்கிறது. கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியைச் சென்ற முறை போனபோது பார்த்தேன். பழையதாகிவிட்டது. அவருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

மே டொனஹியூவைப் போலவே இவரும் பணம் கொடுத்து வாங்கியவர் அல்லர். இவருக்கு எந்தக் கடையோடும் ஒப்பந்தம் இல்லை. புதிதாகக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குபவருக்கு என்ன இருக்கிறது? 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் இருக்கின்றன. தரக்குறைவான பொருள் பற்றி அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். மென்பொருள் இற்றைப்படுத்தல் பற்றி இரண்டிலும் ஒரு வரியும் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலையையும் கமராவையும் விசாரித்த பின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "இதுக்கு எந்த வருசம் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும்?" கடைக்காரர் சொல்லும் பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். எழுதித் தந்தால், 1896ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குக்கூட அந்த ஒரு வரி போதுமான பிடியாக இருக்கும்.